மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும்போது கிட்னியைக் காப்பது எப்படி: மலையக வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சோறு, ரொட்டி, சீனியைக் குறைத்து, தேங்காய், முட்டை, மீன் என்று மாறியவர்களில் இதுவரை பதினைந்து பேருக்கு மேல் கூட இருந்து பார்த்திருக்கிறேன். இடறியவர்கள் எல்லோரும் மூன்றே இடத்தில்தான் இடறினார்கள்: பரிசோதனை செய்யாமல் தொடங்கியது, தண்ணீர் குடிக்காதது, கொழுப்புக்குப் பயந்து இறைச்சியை அள்ளிப் போட்டது. இரண்டாவது தப்பு என்னுடையது. தொடங்கிய எட்டாவது மாதம் கிட்னிக் கல் வலி வந்து, ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். சாப்பாட்டு மாற்றம் ஐந்தாவது படியில்தான் வருகிறது. முதல் நான்கையும் முடிக்க மூன்று கிழமையாவது பிடிக்கும்.

1. நீங்கள் தொடங்கலாமா என்று பாருங்கள்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஏற்றுகிறவர்கள், ஒரே கிட்னி உள்ளவர்கள், கிட்னி மாற்றியவர்கள் ஆகியோர் வழிகாட்டியைப் படித்துவிட்டு வீட்டில் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே கல் வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மாச்சத்து மிகவும் குறையும்போது சிறுநீரில் அமிலம் கூடும், கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறையும், கல்சியம் அதிகமாக வெளியேறும். கல் உருவாக இதைவிட நல்ல நிலம் வேண்டாம்.

கிட்னி பழுதாகியிருக்கிறது என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற கிட்னிப் பிரிவு உள்ள இடத்தில் கேட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. பரிசோதனைகளை முதலில் எடுங்கள்

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டெஸ்ட்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிட்னி வேலை பாதிக்கு மேல் குறையும்வரைகூட வலியோ வீக்கமோ தெரியாமல் இருக்கலாம். தவிர, தொடங்கும் முன் எடுத்த அளவு கையில் இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்து வரும் எண் உணவால் வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேண்டியவை: இரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (ஏ.சி.ஆர்.), யூ.எஃப்.ஆர். எனப்படும் முழுச் சிறுநீர்ப் பரிசோதனை. கூடவே பொட்டாசியம், யூரிக் அசிட், கொலஸ்ட்ரோல், மூன்று மாதச் சுகர் அளவான எச்.பி.ஏ.1.சி. காசு குறைவாக இருந்தால் முதல் மூன்றையும் விடாதீர்கள். பிரஷரும் சுகரும் பார்க்க, அரசாங்க ஆஸ்பத்திரியில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போகலாம், இலவசம்.

முதல் நாள் இறைச்சி சாப்பிட வேண்டாம். சமைத்த இறைச்சியே கிரியேட்டினின் எண்ணைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். கடும் வேலை செய்த மறுநாளும், காய்ச்சல் இருக்கும்போதும் எடுக்காதீர்கள். ஏ.சி.ஆருக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீர்தான் சரி. பெண்கள் மாதவிடாய் நாட்களைத் தவிர்க்க வேண்டும்.

இனி ரிப்போர்ட்டை வாசிப்பது. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எங்கள் லயத்துக்கு மேல் வீட்டு மாமி ரிப்போர்ட்டோடு வந்தார். கிரியேட்டினின் என்ற இடத்தில் 97 என்று இருந்தது. "நூத்துக்குத் தொண்ணூத்தேழு தம்பி, பாஸ்தானே?" என்றார். அவர் மகன் வேறு ஒரு ரிப்போர்ட்டில் 1.1 என்று பார்த்திருந்ததால் வெலவெலத்துப் போயிருந்தான். இரண்டும் ஒரே அளவுதான். சில லேப் மைக்ரோமோலில் எழுதும், சில மில்லிகிராமில் எழுதும். மைக்ரோமோல் எண்ணை 88.4 ஆல் வகுத்தால் மில்லிகிராம் எண் வரும். 97ஐ வகுத்தால் 1.1.

அந்த 1.1 நல்லதா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிய வேண்டும். இவற்றை வைத்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டு வருவதுதான் ஈ.ஜி.எஃப்.ஆர். 30 வயது ஆணுக்கு 1.1 என்றால் அது ஏறத்தாழ 93, கவலையில்லை. 65 வயது மாமிக்கு அதே 1.1 என்றால் ஏறத்தாழ 56 தான். லேப் தாளில் 1.1 என்ற எண் பெரும்பாலும் எந்த அடையாளமும் இல்லாமல் சாதாரணமாகக் கிடக்கும். அதனால் ஈ.ஜி.எஃப்.ஆரைக் கேட்டு வாங்குங்கள். லேப் போடாவிட்டால் டாக்டர் நிமிடத்தில் கணக்குப் போட்டுத் தருவார்.

ஈ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே இருந்து, மூன்று மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அது நாட்பட்ட கிட்னி நோய். ஒரு தடவை குறைந்ததற்காக அழ வேண்டாம், ஆனால் திரும்ப எடுக்காமலும் விட வேண்டாம். ஏ.சி.ஆர். 30 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. சில லேப் இதையும் வேறு அலகில் எழுதும், அதில் எல்லை 3. சுகர்காரருக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே இந்த எண் ஏறும். மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று ஒரு சுகர்காரர் கேட்டால், நான் ஏ.சி.ஆரைத்தான் சொல்வேன்.

என் அளவுகோல் இது: ஈ.ஜி.எஃப்.ஆர். 60க்கு மேலும் ஏ.சி.ஆர். 30க்குக் கீழும் என்றால் அடுத்த படி. அதற்கு வெளியே இருந்தால் டாக்டர் பார்த்த பிறகு.

3. மருந்துப் பையை டாக்டரின் மேசையில் கொட்டுங்கள்

கிளினிக் கொப்பியை மட்டும் கொண்டு போனால் போதாது. பார்மசியில் தனியாக வாங்குவது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவது எல்லாம் பையில் இருக்க வேண்டும். "சோற்றையும் ரொட்டியையும் பாதிக்கு மேல் குறைக்கப் போகிறேன்" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். "டயட் இருக்கிறேன்" என்றால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.

கிளிக்லசைட் மாதிரி சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் சோற்றைக் கணக்கில் வைத்துக் கொடுக்கப்பட்டவை. சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சுகர் கீழே விழும், மயக்கம் வரும். மெட்ஃபோர்மின் அப்படி விழுத்தாது. ஆனால் கிட்னி வேலை குறைந்தவர்களுக்கு அதன் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பிரஷர் மாத்திரைகளான லோசார்டன், எனலாப்ரில், கூடவே நீர் போகும் மாத்திரை ஆகியவற்றில் வேறு சிக்கல். மாச்சத்து குறைந்த முதல் இரண்டு கிழமையில் இன்சுலின் இறங்க, கிட்னி உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். பிரஷர் இறங்கும். பழைய அளவு மருந்தும் சேர்ந்தால் கட்டிலிலிருந்து எழும்பும்போது தலை சுற்றும், கிட்னிக்குப் போகும் இரத்தமும் குறையும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரில் அல்புமின் போகிறவர்களுக்கு லோசார்டனும் எனலாப்ரிலும் கிட்னியையே காக்கும் மருந்துகள்.

எம்பாக்ளிஃப்ளோசின், டாப்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்கள் மாச்சத்தைக் கடுமையாகக் குறைக்கவே கூடாது. இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். சுகர் எண் கிட்டத்தட்டச் சரியாகவே காட்டுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. இவையும் கிட்னிக்கு நல்லது செய்யும் மருந்துகள்தான். உணவுக்காக இந்த மருந்தைக் கைவிடுவது, என்னைக் கேட்டால், நட்டக் கணக்கு.

கடைசியாக வலி மாத்திரை. கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்கும் மலை ஏறிய முழங்காலுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அசிட் என்று மிட்டாய் மாதிரி போகிறது. தண்ணீர் குறைந்த உடம்பில் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் கிட்னி சில நாளிலேயே முடங்கலாம். வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் பரசிற்றமோல்தான் சொல்வார்கள்.

4. தண்ணீர்ப் பழக்கத்தை முன்கூட்டியே போடுங்கள்

சாப்பாட்டை மாற்றுவதற்கு இரண்டு கிழமை முன்னமே இதைத் தொடங்க வேண்டும். உடம்பில் சேமித்திருக்கும் மாச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது தண்ணீரும் போய்விடும். முதல் கிழமையில் தராசு இறங்கியது என்று துள்ளுகிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான்.

நம் ஊரில் தாகமே எடுக்காது. நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் விடியற்காலை ஒரு தேத்தண்ணி, மத்தியானம் ஒரு தேத்தண்ணி, அத்தோடு நாள் முடிந்துவிடும். மலையில் நிற்கும் பெண்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அங்கே கக்கூஸ் இல்லை. எத்தனையோ பேர் வேண்டுமென்றே குடிக்காமல் போகிறார்கள். அவர்களிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். எழும்பியவுடன், பெரட்டுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு முன், இரண்டு கிளாஸ். பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்தவுடனேயே இரண்டு. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததிலிருந்து இரவு எட்டு மணிக்குள் மூன்று, நான்கு. இது முழுத் தீர்வல்ல. மலையில் கக்கூஸ் கட்டித் தருவதுதான் தீர்வு.

இலக்கு குடித்த கிளாஸ் எண்ணிக்கை அல்ல, போன சிறுநீர். நாளொன்றுக்கு இரண்டு லீட்டருக்குக் குறையக் கூடாது, கல் வந்தவர்களுக்கு இரண்டரை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஒரு லீட்டர் போத்தலில் பிடித்து அளந்து பாருங்கள். என் வலிக்குப் பிறகு நான் அளந்தபோது 900 மில்லிதான் வந்தது. மூன்று லீட்டர் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதயம் பலவீனமானவர்களும், தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.

சூடான தண்ணீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து, சீனி போடாமல், நாளுக்கு இரண்டு தடவை குடிப்பது நல்லது. அதிலுள்ள சிட்ரேட் கல் கட்டுவதைத் தடுக்க உதவும்.

5. மாச்சத்தைப் படிப்படியாக இறக்குங்கள்

மூன்று வேளைச் சோற்றிலிருந்து ஒரே நாளில் 20 கிராம் மாச்சத்துக்கு இறங்குவதுதான் நான் பார்க்கும் பெரிய அவசரம். உப்பும் தண்ணீரும் ஒன்றாக இறங்கிப்போய், தலையிடி, கால் பிடிப்பு, சோர்வு என்று நாலாவது நாள் "இது எனக்கு ஒத்து வராது" என்று விட்டுவிடுவார்கள்.

முதல் கிழமை தேத்தண்ணியின் சீனியையும் பிஸ்கட்டையும் எடுங்கள். இரண்டாவது கிழமை இரவு ரொட்டியை. கோதுமை மா ரொட்டி போன இடத்தில் முட்டையும் கோவா வறையும் வரட்டும். மூன்றாவது கிழமை காலைச் சாப்பாட்டை மாற்றி, பகல் சோற்றை ஒரு கைப்பிடிக்குக் கொண்டு வாருங்கள். பலருக்குச் சுகர் இதிலேயே நன்றாக இறங்கிவிடும். அதற்குக் கீழே கட்டாயம் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாச்சத்து மிகக் குறையும்போதுதான் கல்லுக்கான வாய்ப்பும் கூடுகிறது.

6. புரதத்தை அளந்து வையுங்கள்

'மாச்சத்துக் குறைவு, கொழுப்பு அதிகம்' என்று இந்த உணவுமுறையின் பெயரிலேயே கொழுப்பு இருக்கிறது, ஆனால் நம் ஆட்களுக்குக் கொழுப்பைக் கண்டால் பயம், கோழியைக் கண்டால் பயமில்லை. லொறி ஓட்டும் அண்ணன் ஒருவர் சோற்றை நிறுத்திவிட்டு, பகலுக்கு அரைக் கோழி, இரவுக்கு அரைக் கோழி என்று தின்றார். தேங்காய்ப்பாலை மட்டும் கவனமாகத் தவிர்த்தார்! இரண்டு மாதத்தில் யூரிக் அசிட் ஏறிக் கால் பெருவிரல் வீங்கியது.

புரதம் உடைந்தால் வரும் யூரியாவையும் அமிலத்தையும் வெளியேற்றுவது கிட்னி. புரதம் கூடினால் அதன் வடிகட்டிகள் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். நல்ல கிட்னி இதைத் தாங்கும். ஏற்கெனவே பழுதான கிட்னி சீக்கிரம் களைக்கும். பழுது இருக்கிறதா என்று பலருக்குத் தெரியாது என்பதால்தான் இரண்டாவது படியை அவ்வளவு நீட்டி எழுதினேன்.

கணக்கு எளிது. உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவோ (இப்போதைய கூடுதல் எடை அல்ல), கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் புரதம். 60 கிலோ என்றால் 48 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். எலும்பில்லாமல் சமைத்த கோழி 100 கிராமில் 27 கிராம் அளவு. விரல்களைச் சேர்க்காமல் உள்ளங்கை அகலமும் தடிப்பும் உள்ள துண்டு கிட்டத்தட்ட 100 கிராம். டின் மீன் 100 கிராமில் 20 கிராம் அளவு. ஆக, இரண்டு முட்டை, ஒரு உள்ளங்கைக் கோழி, முக்கால் உள்ளங்கை மீன் என்றால் அன்றைய பங்கு முடிந்தது. அதற்கு மேல் பசித்தால் தேங்காயும் காயும்தான்.

கிட்னி வேலை குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் பொதுவாக 0.8 ஐ ஒட்டியே வைக்கச் சொல்வார்கள். புரோட்டீன் பவுடரை யாருக்கும் நான் சொல்வதில்லை. நெத்தலிக் கருவாட்டில் புரதம், உப்பு, யூரிக் அசிட்டாக மாறும் பொருள் மூன்றும் அடர்த்தி. சம்பலுக்கு ஒரு பிடி சரி, கறியாக ஒரு சட்டி வேண்டாம்.

7. தட்டில் பாதி காய், மீதியில் கொழுப்பு

புரதம் உண்டாக்கும் அமிலத்தைக் காய்கறி சமன் செய்யும். கோவா, போஞ்சி, லீக்ஸ், நோக்கோல், முள்ளங்கி, சௌசௌ எல்லாம் நம் தோட்டத்திலேயே விளைகின்றன. உருளைக்கிழங்கு மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

கொழுப்புக்குத் தேங்காய்ப்பூ, முதற்பால், நல்லெண்ணெய், கச்சான், வீட்டு ஆனைக்கொய்யா. எல்லாவற்றையும் தேங்காயிலும் பட்டரிலும் போட்டுவிடாதீர்கள். சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல். தாறுமாறாக ஏறுகிறது. ஏறினால் பட்டரை நிறுத்தி, நல்லெண்ணெய், கச்சான், சாளை மீன் பக்கம் திரும்புங்கள்.

ஆனைக்கொய்யாவிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். கிட்னி நன்றாக இருந்தால் நல்லதே. ஈ.ஜி.எஃப்.ஆர். குறைந்தவர், அதிலும் லோசார்டன் அல்லது எனலாப்ரில் எடுப்பவர், பொட்டாசியம் ரிப்போர்ட் பார்க்காமல் தினமும் தொடக் கூடாது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட்டும் பெரும்பாலும் பொட்டாசியம்தான்.

8. ஆக்ஸலேட் பொறிகள்

ஆக்ஸலேட் என்பது சில கீரை, கொட்டை, பழங்களில் உள்ள பொருள், சிறுநீரில் கல்சியத்தோடு சேர்ந்தால் கல்லாகும். கைப்பேசியில் பார்த்து, காலைச் சாப்பாட்டுக்கு நூறு பாதாம் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். 28 கிராம் பாதாமிலேயே 120 மில்லிகிராம் அளவு ஆக்ஸலேட் உண்டு. நூறு பாதாம் நூறு கிராமைத் தாண்டும். கல் வந்தவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 100 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்வது வழக்கம். விலையைப் பார்த்தாலும் நமக்குக் கச்சான்தான் நல்லது, அதுவும் ஒரு பிடி.

பசளி போன்ற கீரைகளை அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். கீரையோடு தயிர் சேர்த்தால், கல்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துவிடும். கல் வரும் என்று பாலையும் தயிரையும் நிறுத்துவது தலைகீழான வைத்தியம். கடும் சாய பிளேன்டீயை நாள் முழுக்க ஊற்றிக்கொண்டிருப்பவர்கள், ஒன்றிரண்டைப் பால் தேத்தண்ணியாக்கலாம், சீனி இல்லாமல்.

காமரங்கா ஜூஸ், பிலிம்பி ஜூஸ் இரண்டையும் தொடவே தொடாதீர்கள். "சுகருக்கு நல்லது, கொலஸ்ட்ரோலுக்கு நல்லது" என்று வெறும் வயிற்றில் குடித்து, ஆக்ஸலேட் கிட்னியில் படிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இலங்கையிலேயே உண்டு. கிட்னி நோயாளிக்குக் காமரங்கா மூளையையும் தாக்கும். விட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரையும் உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறக்கூடியதுதான்.

9. உப்பு

பிரஷர் இல்லாதவர் முதல் இரண்டு கிழமையில் தலை சுற்றினால், ஒரு கோப்பை காய்கறி ரசத்தில் வழக்கமான உப்புப் போட்டுக் குடித்தால் போதும். பிரஷர் அல்லது கிட்னிப் பிரச்சினை உள்ளவர் "இந்த டயட்டுக்கு உப்பு அதிகம் வேண்டும்" என்று கேள்விப்பட்டு அள்ளிப் போடக் கூடாது. அவர்களுக்குத் தலை சுற்றல் வந்தால் பார்க்க வேண்டியது பிரஷர் மாத்திரையின் அளவை.

10. உடம்பு சரியில்லாத நாளில் நிறுத்துங்கள்

வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் வந்தால் டயட்டை அன்றே நிறுத்தி, கஞ்சி, ஜீவனி குடியுங்கள். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபோர்மின், 3ஆவது படியில் சொன்ன "ஃப்ளோசின்" வகை ஆகியவற்றை அந்த நாட்களில் தள்ளி வைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வாந்தி எடுக்கும்போது கேட்க ஆள் இருக்காது.

விலாவில் வலியோடு காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், அரை நாளாகச் சிறுநீரே போகாதது, வாந்தியோடு மூச்சு வேகமாக வாங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

11. திரும்ப எடுங்கள், எழுதி வையுங்கள்

ஆறாவது கிழமையில் கிரியேட்டினின், பொட்டாசியம், யூ.எஃப்.ஆர். மூன்றாவது மாதத்தில் முதலில் எடுத்த எல்லாமே. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. முடிந்தவரை அதே லேபில், இறைச்சி சாப்பிடாத மறுநாள். யூ.எஃப்.ஆரில் கீட்டோன் (மாச்சத்துக்குப் பதில் கொழுப்பு எரியும்போது வரும் பொருள்) இருப்பதாக வந்தால் பதற வேண்டாம், ஆனால் டாக்டரிடம் உங்கள் சாப்பாட்டைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் பதறுவார். அதே தாளில், சிறுநீரின் அமிலத்தைக் காட்டும் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் கூட) ஒவ்வொரு தடவையும் 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் யூரிக் அசிட் கல்லுக்கு இடம் இருக்கிறது. தண்ணீர், தேசிக்காய், காய் மூன்றையும் கூட்டி, இறைச்சியைக் குறைக்க வேண்டும்.

கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் திகதி, எடை, பிரஷர், கிரியேட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.சி.ஆர். என்று கோடு போட்டு எழுதுங்கள். மாமியின் கொப்பியில் இப்போது நாலு வரி இருக்கிறது, ஈ.ஜி.எஃப்.ஆர். 56, 55, 58, 57. டாக்டர் அவருக்குச் சோற்றைப் பாதியாக்கச் சொன்னார், கோழியைக் கூட்ட விடவில்லை. "மார்க்ஸ் ஏறலியே தம்பி" என்று இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார்.